கிளம்ப மறுக்கும் பத்மினி

பழைய கார் ஒன்றை ஆசைக்காக வைத்திருப்பவர்களிடையே சில ஆண்டுகளாக ஒரு வழக்கத்தைக் காண்கிறேன். வண்டி கிளம்ப அடம்பிடித்தால், ஏன் என்று கேட்பதற்கு முன்பே பாகங்களை மாற்றத் தொடங்கிவிடுகிறார்கள். முதலில் பிளக்குகள், பிறகு காயில், பிறகு கார்புரேட்டர். அதிலும் தீரவில்லையென்றால் எஞ்சினையே கழற்றிவிட்டு வேறொரு புதிய காரின் எஞ்சினை அந்த இடத்தில் உட்கார வைத்துவிடுகிறார்கள். பிறகு 'இப்போது ஒரே சாவித் திருப்பலில் கிளம்புகிறது' என்று மகிழ்கிறார்கள். கிளம்பத்தான் செய்கிறது. ஆனால் கிளம்புவது எது?

இந்த வழக்கம் தவறு என்பது என் கட்சி. பணம் வீணாகிறது என்பது சிறிய காரணம். ஒருமுறை குப்பைக்குப் போன அசல் பாகம் திரும்பி வருவதில்லை என்பது அதைவிடப் பெரிய காரணம். எல்லாவற்றிலும் பெரியது, ஒரு தலைமுறை மெக்கானிக்குகள் கையிலும் காதிலும் சேர்த்துவைத்திருந்த கேள்வி கேட்கும் ஒழுங்கு நம் கண்ணெதிரே மறைந்துகொண்டிருக்கிறது என்பது.

இலக்கியம் பேசும் இடத்தில் கார்புரேட்டருக்கு என்ன வேலை என்று வாசகர்கள் கேட்கக்கூடும். நான் தமிழ் கற்பிப்பவன். ஏட்டுச்சுவடிகளிலிருந்து நூல்களைப் பதிப்பித்த வரலாற்றை ஒவ்வோராண்டும் முதுகலை மாணவர்களுக்குச் சொல்ல வேண்டியிருக்கிறது. உ.வே.சாமிநாதையர் 1887இல் சீவகசிந்தாமணியை அச்சேற்றுவதற்கு முன் எத்தனை பிரதிகளைத் தேடி ஒப்பிட்டார் என்பதை அவர்களிடம் விரிவாகவே கூறுவேன். பொருள் விளங்காத இடத்தில் தமக்குத் தோன்றிய சொல்லைப் போட்டு ஓசையைச் சரிசெய்துவிடுவது எளிது. பாட்டு அப்போதும் ஓடும். ஆனால் அங்கே இருந்தது என்ன என்பதை அதற்குப் பிறகு யாரும் அறிய முடியாது. காரணம் தெரியாமல் பாகத்தை மாற்றும் பட்டறையைக் காணும்போதெல்லாம் எனக்கு அத்தகைய பதிப்பாசிரியர்களே நினைவுக்கு வருகிறார்கள். ஒப்புமை இத்துடன் போதும். இனி எஞ்சின்.

பொதுவாகப் பேசுவதைவிட ஒரு வண்டியை வைத்துப் பேசுவது நல்லது. பிரீமியர் பத்மினியை எடுத்துக்கொள்கிறேன். இத்தாலியின் ஃபியட் 1100 வகையின் வழித்தோன்றல் அது. பம்பாய் குர்லாவில் இருந்த பிரீமியர் ஆட்டோமொபைல்ஸ் ஆலையில் உருவாகி, 1974இல் சித்தூர் ராணியின் பெயரைப் பெற்றது. (நம்மூரில் பலர் அது நாட்டியப் பேரொளியின் பெயர் என்றே நம்பினார்கள். அந்த நம்பிக்கையைக் கெடுக்க நான் முயன்றதில்லை.) நான்கு சிலிண்டர், 1089 சி.சி., நாற்பது குதிரைத்திறனை ஒட்டிய பெட்ரோல் எஞ்சின். கியர்த்தண்டு ஸ்டியரிங்கின் பக்கவாட்டில் நீட்டிக்கொண்டிருக்கும். மும்பையின் கறுப்பு மஞ்சள் டாக்சியாக இது கடைசியாகப் பதிவானது 2003 அக்டோபரில். இருபதாண்டு வரம்பு முடிந்து 2023 அக்டோபருடன் டாக்சியாக ஓடுவது நின்றது. என்னிடம் இருப்பது 1982ஆம் ஆண்டு வண்டி.

அதில் கணினி இல்லை. எரிபொருளை அளந்து காற்றோடு கலப்பது கார்புரேட்டர். பொறியை நான்கு சிலிண்டர்களுக்கும் முறைவைத்துப் பங்கிடுவது டெல்கோ. பெட்ரோலைத் தொட்டியிலிருந்து இழுப்பது, எஞ்சினின் சுழற்சியாலேயே தட்டப்பட்டு இயங்கும் ஏ.சி. பம்ப். புதிய வண்டியில் கோளாறு ஏற்பட்டால் அது தன் நோயின் எண்ணைத் தானே சொல்லிவிடும். பத்மினி அப்படிச் சொல்லாது. ஆனால் குறிகள் காட்டும். குறிகளைப் படிக்கத் தெரிய வேண்டும், அவ்வளவுதான்.

'ஸ்டார்ட் ஆகவில்லை' என்பது ஒரு நோயின் பெயரன்று. 'உடம்பு சரியில்லை' என்பதைப் போல அது ஒரு முறையீடு. நல்ல மெக்கானிக் பானட்டைத் திறக்குமுன் கேட்கும் முதற்கேள்வி 'எப்போது?' என்பது. இரவெல்லாம் நின்று குளிர்ந்தபின் காலையிலா? ஓடி வந்து நிறுத்திக் கால்மணி கழித்தா? பத்து நாள் எடுக்காமல் வைத்திருந்த பிறகா? மழை பெய்த மறுநாளா? நான்கும் நான்கு வேறு நோய்கள். 'எப்போதும்தான்' என்று உரிமையாளர் சொன்னால், அவர் கவனிக்கவில்லை என்று பொருள்.

இரண்டாவது கேள்வி, செல்ஃப் எப்படிச் சுற்றுகிறது என்பது. சாவியைத் திருப்பியதும் எஞ்சின் சுறுசுறுப்பாகச் சுற்றியும் பற்றவில்லையா, அல்லது சுற்றுவதற்கே முனகுகிறதா? இந்த ஒரு பிரிவினையைச் செய்யாமல் கார்புரேட்டரில் கைவைப்பவரிடம் வண்டியை விடக்கூடாது. முனகும் எஞ்சினுக்கு கார்புரேட்டர் என்ன செய்யும்?

நண்பர் ஒருவரின் பத்மினியைச் சொல்கிறேன். நகரத்தில் பெயர்பெற்ற பட்டறை ஒன்றில் இரண்டு மாதம் நின்றது. பேட்டரி, காயில், பிளக்குகள், கடைசியில் கார்புரேட்டர் என எல்லாம் புதிதாயின. செலவுக் கணக்கு ஒரு முழுப் பக்கம் வந்தது. குறை அப்படியே இருந்தது. அந்த வண்டியிடம் ஒரு விசித்திரம் உண்டு. செல்ஃப் அடித்துக்கொண்டிருக்கும்வரை பற்றாது. சலித்துப்போய்ச் சாவியை விடும் அந்த நொடியில் சட்டென்று பற்றிக்கொள்ளும். நண்பர் இதைச் சகுனம் போலச் சொல்லிவந்தார். பட்டறையில் யாரும் காதில் வாங்கவில்லை.

இது விசித்திரமன்று, தெளிவான வாக்குமூலம். செல்ஃப் மோட்டார் சுற்றும்போது நூறு ஆம்பியருக்கு மேல் இழுக்கிறது. வழியில் எங்கேனும் தடை இருந்தால் மின்னழுத்தம் அங்கே சரிந்து, காயிலுக்குப் போதுமான அளவு போய்ச்சேராது. பொறி நோஞ்சானாகிவிடும். சாவியை விட்டதும் செல்ஃப் இழுப்பது நிற்கிறது, அழுத்தம் மீள்கிறது, எஞ்சின் இன்னும் ஓரிரு சுற்று தன் வேகத்தில் சுழல்கிறது. அந்த இடைவெளியில் நல்ல பொறி விழுந்து பற்றிக்கொள்கிறது. ஆகவே தேட வேண்டிய இடம் பேட்டரியும் அதன் கம்பிவழிகளும். முழுச்சார்ஜில் ஓய்ந்திருக்கும் பேட்டரி சுமார் 12.6 வோல்ட் காட்டும். செல்ஃப் அடிக்கும்போது 9.5 வோல்ட்டுக்குக் கீழே போனால் பேட்டரியைச் சந்தேகிக்கலாம். நண்பரின் வண்டியில் பேட்டரி புதிது, அளவும் சரி. அடுத்து, மீட்டரின் ஒரு முனையைப் பேட்டரியின் நெகட்டிவ் தலையிலும் மறுமுனையை எஞ்சினின் வெற்று உலோகத்திலும் வைத்துச் செல்ஃப் அடித்துப் பார்க்க வேண்டும். அரை வோல்ட்டுக்கு மேல் காட்டினால் எர்த் சரியில்லை. அங்கே இரண்டு வோல்ட்டுக்கு மேல் காட்டியது.

எஞ்சின் ரப்பர் தாங்கிகளின் மேல் உட்கார்ந்திருக்கிறது. ரப்பர் மின்சாரத்தைக் கடத்தாது. எனவே எஞ்சினையும் பாடியையும் ஒரு பின்னல் செம்புப் பட்டை இணைக்கிறது. அந்தப் பட்டையின் ஒரு முனை பச்சை பூத்து, பெயின்ட்டின் மேல் முடுக்கப்பட்டிருந்தது. உப்புத்தாளால் தேய்த்து, வெற்று உலோகம் தெரியச் சுரண்டி, மறுபடி முடுக்கியதும் வண்டி கிளம்பிவிட்டது. செலவு ஒரு தேநீரின் அளவு.

குளிர்காலத் தொல்லையை ஒரு பத்தியோடு முடித்துவிடலாம். ஐரோப்பியக் கையேடுகள் எல்லாம் அங்கிருந்துதான் தொடங்கும். அவை எழுதப்பட்ட நாடுகளில் அது நியாயம். நம் சமவெளியில் காலைக் குளிர் என்பது பெரும்பாலும் மார்கழிப் பாட்டில் வரும் குளிர்தான். சோக்கை இழுத்து ஓரிரு சுற்றில் பற்ற வேண்டும். பற்றி அரை நிமிடத்தில் சோக்கை மெல்லத் தள்ள வேண்டும். சோக்கின் கேபிள் தளர்ந்து, குமிழ் மட்டும் வெளியே வந்து உள்ளே எதுவும் நகராமல் இருப்பது நான் அடிக்கடி பார்க்கும் குறை. ஒருவர் உள்ளிருந்து இழுக்க, மற்றவர் பானட்டுக்குள் கண்வைத்துப் பார்த்தால் தெரிந்துவிடும். உதகையில் வாழ்பவர்கள் இந்தப் பத்தியைப் போதாது என்பார்கள். அவர்கள் சொல்வது சரி.

நம் நிலத்தின் உண்மையான நோய் வெப்பத்தில் இருக்கிறது. சித்திரை வெயிலில் திருச்சியிலிருந்து ஓட்டிவந்து விழுப்புரத்தில் காப்பி குடிக்க நிறுத்திவிட்டுத் திரும்பினால் வண்டி கிளம்பாது. ஓட்டுநர்கள் இதற்கெல்லாம் சேர்த்து 'ஏர்லாக்' என்று ஒரே பெயர் வைத்துவிட்டார்கள். ஈரத்துணியை ஏ.சி. பம்பின் மேல் சுற்றுவார்கள். கால்மணி கழித்துக் கிளம்பும். ஏர்லாக் என்பது நிரூபணமாகிவிடும். உண்மையில் அங்கே குறைந்தது மூன்று வெவ்வேறு நோய்கள் ஒரே முகத்தோடு நிற்கின்றன.

முதலாவது, உண்மையான ஏர்லாக். பம்பிலோ குழாயிலோ பெட்ரோல் சூடேறி ஆவியாகிவிடுகிறது. திரவத்தைத் தள்ளுவதற்காகச் செய்யப்பட்ட பம்ப் ஆவியை அமுக்கி விரித்துக்கொண்டிருக்குமே தவிர நகர்த்தாது. கார்புரேட்டருக்குப் பெட்ரோல் வராது. எஞ்சின் பட்டினி கிடக்கிறது. இரண்டாவது இதற்கு நேர் எதிரானது. வண்டி ஓடும்போது விசிறியும் நீரும் எஞ்சினைக் குளிர்விக்கின்றன. நிறுத்தியதும் இரண்டும் நின்றுவிட, எஞ்சினில் தேங்கிய சூடு மேலெழுந்து கார்புரேட்டரைத் தாக்குகிறது. அம்பாசடரின் பழைய பி.எம்.சி. எஞ்சினில் காற்று உள்ளே போகும் வழியும் புகை வெளியேறும் வழியும் ஒரே பக்கம் என்பதால், கார்புரேட்டருக்கு அடுப்பின் மேல் வைத்த பால் சட்டியின் நிலைமை. கிண்ணத்திலுள்ள பெட்ரோல் கொதித்துப் பொங்கி ஜெட் வழியாக எஞ்சினுக்குள் ஒழுகுகிறது. இங்கே பட்டினியில்லை, அஜீரணம். மூன்றாவதற்கும் பெட்ரோலுக்கும் தொடர்பே இல்லை. டெல்கோவின் கண்டென்சரோ காயிலோ சூடேறினால் மட்டும் செயலிழக்கும் நிலைக்கு வந்திருக்கும்.

மூன்றுக்கும் பொதுவான ஒன்று உண்டு: ஆறினால் மூன்றுமே சரியாகிவிடும். இதுதான் ஏமாற்று. ஈரத்துணி சுற்றியதால் கிளம்பியதா, துணி சுற்ற ஆன நேரத்தில் ஆறிக் கிளம்பியதா என்பது தெரியாது. மறுநாள் காலை பட்டறைக்குக் கொண்டுபோனால் வண்டி நல்ல பிள்ளையாகக் கிளம்பும். மெக்கானிக் எதையாவது மாற்றியாக வேண்டுமே என்று கார்புரேட்டர் கிட் ஒன்றை மாற்றி அனுப்புவார். ஆகவே வெப்ப நோயை அது நடக்கும் இடத்தில், நடக்கும் நேரத்தில்தான் பார்க்க வேண்டும். சாலையோரத்தில் ஐந்து நிமிடம் போதும். பிளக் ஸ்பானரும் தடித்த துணியும் இருந்தால் ஒரு பிளக்கைக் கழற்றுங்கள். ஈரமாகப் பெட்ரோல் சொட்டினால், பொங்கி வழிந்திருக்கலாம், அல்லது பொறியில்லாமல் எரியாத பெட்ரோல் சேர்ந்திருக்கலாம். காய்ந்து, வாசனையும் இல்லாமல் இருந்தால் பட்டினி. ஈரமாக இருந்தால் அடுத்ததாகப் பொறியைப் பார்க்க வேண்டும். பெட்ரோல் ஆவி சூழ்ந்த இடத்தில் பொறியை வரவழைப்பது ஆபத்து. பிளக் கழற்றிய துளையை அடைத்து, பெட்ரோல் வாடை கலைந்த பிறகு, தள்ளி வைத்துத்தான் பார்க்க வேண்டும். நீலமாக, 'டிக்' என்ற ஒலியோடு தாவினால் நலம். மஞ்சளாக, மெலிந்து, இழுபறியாக வந்தால் கண்டென்சரையும் காயிலையும் விசாரிக்கலாம். ஒன்றை நினைவில் வைக்க வேண்டும். திறந்த காற்றில் தாவும் பொறி, சிலிண்டருக்குள் அழுத்தப்பட்ட கலவையின் நடுவே தாவ வேண்டிய கட்டாயமில்லை. வெளியே நல்ல பொறி தெரிவது பாதிச் சான்றுதான்.

மருந்துகளும் ஒன்றுக்கொன்று எதிரானவை. ஏர்லாக்குக்குப் பம்பைக் குளிர்வித்து, அதன் அடியிலுள்ள கைநெம்பை அடித்துப் பெட்ரோலை ஏற்ற வேண்டும். பொங்கி வழிந்த எஞ்சினுக்கு அதைச் செய்தால் மூழ்கியவனுக்குத் தண்ணீர் புகட்டுவது போலாகும். அதற்குச் சோக்கைத் தொடாமல், ஆக்சிலரேட்டரை அடிவரை மிதித்து, மிதித்தபடியே வைத்துக்கொண்டு செல்ஃப் அடிக்க வேண்டும். மிதித்து மிதித்து விட்டால் ஒவ்வொரு மிதிக்கும் கூடுதல் பெட்ரோல் பீய்ச்சப்படும். பதற்றத்தில் பெரும்பாலோர் செய்வது அதைத்தான். ஒரே முகம், எதிரெதிர் மருந்து. குறியைப் படிக்காமல் கைவைக்கக்கூடாது என்று நான் வற்புறுத்துவது இதனால்.

பல நாள் நின்ற வண்டி கிளம்பாததற்குக் காரணம் பெரும்பாலும் எளிது. கார்புரேட்டர் கிண்ணத்திலுள்ள பெட்ரோல் மெல்ல ஆவியாகியிருக்கும். பம்பின் வால்வு லேசாகக் கசிந்தால் குழாயிலுள்ளதும் தொட்டிக்கே திரும்பியிருக்கும். செல்ஃப் அடித்து அதை மேலே கொண்டுவர நேரம் பிடிக்கும், அதற்குள் பேட்டரி சோர்ந்துவிடும். கைநெம்பை இருபது முப்பது முறை அடித்துவிட்டுச் சாவியைத் திருப்பிப் பாருங்கள். உடனே பற்றினால் பொறி, அழுத்தம் இரண்டும் நலம் என்று ஒரே சோதனையில் தெரிந்துவிடுகிறது. ஒரு நாள் நின்றாலே இது தேவைப்படுகிறது என்றால் மட்டும் பம்பைப் பிரிக்கலாம்.

ஐப்பசி மழையின் மறுநாள் கிளம்பாத வண்டியை இரவில் பார்க்க வேண்டும். விளக்குகளை அணைத்துவிட்டு, ஒருவரைச் செல்ஃப் அடிக்கச் சொல்லிப் பானட்டுக்குள் நோக்கினால், டெல்கோ மூடியின் மேலும் பழைய பிளக் ஒயர்களின் மேலும் நீலப் பொறிகள் ஊர்ந்து ஓடுவது தெரியும். சிலிண்டருக்குப் போக வேண்டிய மின்சாரம் ஈரத்தின் வழியே தப்பி ஓடுகிறது. மூடியின் உட்புறத்தில் பென்சிலால் கிழித்தது போன்ற கரிக்கோடு இருந்தால் துடைத்துப் பயனில்லை, மூடியை மாற்றத்தான் வேண்டும். பாகத்தையே மாற்றக்கூடாது என்று நான் சொல்வதாக யாரும் கொள்ள வேண்டாம். குற்றம் நிரூபணமான பாகத்தை மாற்றுவது வேறு.

டெல்கோவுக்குள் இருக்கும் பிளாட்டினம் பாயின்ட்தான் இக்காலத்தில் அதிகம் வசைபெறும் பாகம். எஞ்சின் நிமிடத்துக்கு 3000 சுற்று சுற்றும்போது அது நொடிக்கு 100 முறை திறந்து மூடுகிறது. அதன் குதிகால் தேயத் தேய இடைவெளி குறையும். இடைவெளி குறைந்தால் பாயின்ட் தாமதமாகத் திறக்கும், டைமிங்கும் தாமதமாகும். இதைச் சில ஆயிரம் கிலோமீட்டருக்கு ஒருமுறை ஃபீலர் கேஜ் வைத்துச் சுமார் 0.4 மி.மீ. அளவில் சரிசெய்ய வேண்டும். ஐந்து நிமிட வேலை. இதற்குச் சலித்துப் பலர் எலெக்ட்ரானிக் இக்னிஷன் பொருத்திக்கொள்கிறார்கள். அதை நான் எதிர்க்கவில்லை. டெல்கோவின் உடலை வெட்டாமல் பொருத்தி, பழைய தட்டைப் பெட்டியில் எடுத்துவைத்தால் நாளை திருப்பிவிடலாம். எதிர்ப்பது, அதை நோயறியும் கருவியாகப் பயன்படுத்துவதை. டெல்கோ தண்டின் புஷ் தேய்ந்து ஆடினால் பாயின்ட் இடைவெளி சுற்றுக்குச் சுற்று மாறும். புதிய மாட்யூல் அந்த ஆட்டத்தைப் பொறுத்துக்கொள்ளும், வண்டி கிளம்பும். தண்டு தொடர்ந்து தேய்ந்துகொண்டேயிருக்கும்.

எஞ்சினின் அழுத்தம் குறைந்திருக்கிறதா என்பதை, கருவி வைப்பதற்கு முன் காது சொல்லும். செல்ஃப் அடிக்கும்போது நான்கு சிலிண்டர்களும் சமமாக இருந்தால் ஒலி ஒரே தாளத்தில் வரும். ஒன்று தளர்ந்திருந்தால் தாளம் நொண்டும். கல்வி பெரிதில்லாத முதிய மெக்கானிக் ஒருவர் தெருவில் நின்றபடியே 'ஒரு பிஸ்டன் வேலை செய்யல சார்' என்று சொல்லி நான் கேட்டிருக்கிறேன். அது சித்து அன்று, சந்தம் பிசகுவதைக் கேட்கும் காது. டேப்பட் இடைவெளி இறுகிப்போனால் வால்வு முழுதும் மூடாமல் அழுத்தம் கசியும். அதைச் சரிசெய்தாலே பல எஞ்சின்கள் இளமை பெறும். அதற்குப் பிறகும் அளவு குறைந்தால், அந்தச் சிலிண்டரில் ஒரு கரண்டி எஞ்சின் ஆயிலை விட்டு மறுபடி அளக்க வேண்டும். அளவு ஏறினால் ரிங் தேய்ந்திருக்கிறது. ஏறாவிட்டால் பெரும்பாலும் வால்வு. எஞ்சினைப் பிரிக்கும் பேச்சு இங்கேதான் தொடங்க வேண்டும். பட்டறைகளில் அது முதல் நாளே தொடங்கிவிடுகிறது.

எஞ்சினையே மாற்றிவிடுபவர்களுக்குச் சட்டம் ஒரு பதில் வைத்திருக்கிறது. 2021 ஜூலையில் ஒன்றிய அரசு வெளியிட்ட விதிகளின்படி, ஐம்பதாண்டு கடந்த கார்களும் இருசக்கர வாகனங்களும் விண்டேஜ் வாகனங்களாகத் தனிப் பதிவு பெறலாம். அசல் வடிவில் இருக்க வேண்டும், பெரிய மாற்றங்கள் செய்யப்பட்டிருக்கக்கூடாது என்பது நிபந்தனை. தொடக்ககாலப் பத்மினிகள் இப்போது அந்த வயதை எட்டுகின்றன. வேறு எஞ்சின் வைத்த வண்டி எவ்வளவு பளபளப்பாக இருந்தாலும் அந்த வாசலில் நிற்க வேண்டியதுதான். ஓர் எர்த் பட்டைக்காக ஒரு பதிவை இழப்பது நல்ல வியாபாரமா?

இனி இன்றைய வாதம் ஒன்று. இந்தியப் பெட்ரோலில் எத்தனால் கலப்பு 2025இல் 20 விழுக்காட்டை எட்டிவிட்டது. இன்று பழைய கார்க்காரர்கள் இருவர் சந்தித்தால் கிளம்பாத வண்டிக்கெல்லாம் எத்தனாலே காரணம் என்று தீர்ப்பாகிவிடுகிறது. இதிலும் நான் அவசரத்தையே காண்கிறேன். எத்தனால் செய்யும் தீங்குகள் உண்மையானவை. முற்றிலும் எரிய ஒரு பங்கு பெட்ரோலுக்கு 14.7 பங்கு காற்று வேண்டும், எத்தனாலுக்கு 9 பங்குதான்; ஆகவே பழைய ஜெட் அளக்கும் கலவை இப்போது எஞ்சினுக்குச் சற்று மெலிந்து தெரிகிறது. பம்பின் பழைய டயஃப்ரமும் ரப்பர் குழாயும் இந்த எரிபொருளுக்காகச் செய்யப்பட்டவை அல்ல. உப்பி, விரிசல் விடும். எத்தனால் ஈரத்தை இழுக்கும். நீர் மிகுந்தால் எத்தனாலும் நீரும் சேர்ந்து பிரிந்து தொட்டியின் அடியில் தங்கும். பம்ப் உறிஞ்சுவதும் அடியிலிருந்துதான். இவையெல்லாம் கண்ணாடிக் குடுவையில் கொஞ்சம் பெட்ரோலைப் பிடித்து வைத்தாலும், கார்புரேட்டர் கிண்ணத்தைத் திறந்து வெண்பொடி படிந்திருக்கிறதா என்று பார்த்தாலும் தெரியக்கூடியவை. எத்தனாலைத் தாங்கும் டயஃப்ரமும் குழாயும் போட்டு, ஓரளவு பெரிய ஜெட்டை வைத்துப் பார்த்து, மாதக்கணக்கில் ஒரே பெட்ரோலைத் தொட்டியில் ஊறவிடாமல் ஓட்டினால் பெரும்பகுதி தீர்ந்துவிடும். டெல்கோ மூடியில் கரிக்கோடு விழுந்த வண்டிக்காரரும் அரசைத் திட்டிக்கொண்டிருப்பதில் பயனில்லை. திட்டுவதற்கு வேறு காரணங்கள் இருக்கலாம், அது தனிக்கட்டுரை.

சொற்களைப் பற்றியும் கொஞ்சம். பொறி பங்கிடும் கருவியை நம் மெக்கானிக்குகள் 'டெல்கோ' என்கிறார்கள். அது ஓர் அமெரிக்க நிறுவனத்தின் பெயர். சென்னைப் பாடியில் இயங்கும் லூகாஸ் டிவிஎஸ் ஆலையிலிருந்து வந்த கருவியும் பட்டறையில் டெல்கோதான். 'ஏ.சி. பம்ப்' என்பதில் உள்ள ஏ.சி., ஆல்பர்ட் சாம்பியன் என்ற பிரெஞ்சுக்காரரின் முதலெழுத்துகள். குளிரூட்டிக்கும் அதற்கும் உறவில்லை. 'செல்ஃப் ஸ்டார்ட்டர்' என்பதில் ஸ்டார்ட்டர் உதிர்ந்து செல்ஃப் மட்டும் நின்றுவிட்டது. கலைச்சொல் அகராதிகள் உருவாக்கிய சொற்கள் பட்டறையை எட்டவேயில்லை. பட்டறையின் சொற்களோ அகராதிக்குள் வரவில்லை. இந்த மொழியில்தான் ஐம்பதாண்டு அறிவு பேசப்பட்டது, எழுதப்படாமலே. அதைப் பேசியவர்கள் ஒவ்வொருவராக ஓய்ந்துவருகிறார்கள். அவர்களிடம் பயின்ற பையன்கள் ஸ்கேனர் இல்லாமல் வண்டியைத் தொடுவதில்லை. அவர்கள் மேல் பிழையில்லை, அவர்களுக்கு வரும் வண்டிகள் அப்படி. பழைய கார் வைத்திருப்பவர்கள் ஒரு நோட்டுப் புத்தகம் போட்டு, என்று, எந்நேரத்தில், எந்த வெயிலில் கிளம்பவில்லை, பிளக் என்ன நிறம், எதைத் தொட்டதும் சரியானது என்று தமிழில் குறித்துவைத்தால் பத்தாண்டில் அது ஒரு நூலாகும். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டுமே மாற்ற வேண்டும் என்பது அந்த நோட்டின் முதல் விதியாக இருக்கட்டும். இரண்டை ஒருசேர மாற்றினால் எது குணமாக்கியது என்று எழுத முடியாது.

மேலே சொன்ன நண்பரின் வண்டியில் இப்போது ஓடுவது சந்தையில் கிடைத்த நகல் கார்புரேட்டர். கிளம்புகிறது, ஆனால் ஐடிலில் நடுங்குகிறது. தொழிற்சாலையிலிருந்து வந்த சோலெக்ஸைக் கேட்டபோது, பழைய இரும்போடு போட்டுவிட்டதாகப் பட்டறையில் சொல்லிவிட்டார்கள். நண்பர் சில ஞாயிற்றுக்கிழமைகளாகப் புதுப்பேட்டையில் கடை கடையாகத் தேடிக்கொண்டிருக்கிறார்.